வெண்மணியை எப்படி வாசிப்பது, எப்படித் திரையிடுவது

வியாசர்பாடியில் இருபத்தைந்து பேர் கொண்ட வாசிப்பு வட்டம் நடத்துகிறீர்கள். டிசம்பரில் கீழவெண்மணியை நினைவுகூர ஒரு படம் போட்டுப் பேசலாம் என்று திட்டம். எந்தப் படம், எந்த நாவல், நடந்ததை இவை எந்த அளவுக்குக் காப்பாற்றி வைத்திருக்கின்றன, வட சென்னையில் நடந்தவற்றுக்கு ஏன் இப்படி ஒன்றும் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. அதை முடிவில் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்று: படத்தில் தொடங்காதீர்கள். படம் பார்த்தவர் மனதில் நடிகரின் முகம் உட்கார்ந்துவிடும். பிறகு எத்தனை ஆவணம் படித்தாலும் செத்தவர் இடத்தில் நடிகரே நிற்பார். அதனால் படத்துக்கு முந்தைய அமர்வில் ஒரே ஒரு பக்கம் தயாரித்து எல்லோர் கையிலும் கொடுத்துவிடுங்கள். அந்தப் பக்கத்தில் இருக்கவேண்டியது இவ்வளவுதான்.

1968 டிசம்பர் 25 இரவு. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் கீழவெண்மணி. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு, செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்திருந்த தலித் விவசாயத் தொழிலாளர்கள். எதிரே மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கம்; அதன் தலைவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு. கொடியை இறக்கு, சங்கத்தை விடு என்ற மிரட்டல். உள்ளூர் ஆட்களை ஒதுக்கிவிட்டு வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கியதில் வந்த தகராறு. அன்று மாலை நடந்த கைகலப்பில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் இறந்தார். இரவில் ஆயுதங்களோடு கும்பல் சேரிக்குள் புகுந்தது. ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ராமய்யாவின் குடிசைக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். அந்தக் குடிசை கொளுத்தப்பட்டது. 44 பேர் இறந்தார்கள். கீழ் நீதிமன்றம் 1970இல் நாயுடு உள்ளிட்டவர்களுக்குச் சிறைத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பெரும் நிலம் வைத்திருக்கும் வசதியான மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைகளைக் கொளுத்தியிருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றது. 1980இல் நாயுடு கொல்லப்பட்டார்.

இந்தப் பக்கத்தை எழுதும்போதே சிக்கல் தொடங்கும். எண்ணிக்கை 42 என்று ஓரிடத்திலும் 44 என்று இன்னோரிடத்திலும் கிடைக்கும். பெண்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை என்ற பிரிப்பும் நூலுக்கு நூல் வேறு. நினைவிடத்தில் பொறித்துள்ள பெயர்ப்பட்டியல் 44. வேறுபாடு தெரிந்த இடத்தில் அதை அப்படியே பக்கத்தில் குறித்து வையுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை அழிக்காதீர்கள். வயது விவரமும் பிரிப்பும் ஏன் மாறுகின்றன என்று யாராவது கேட்டால், எரிந்த உடல்களை அடையாளம் காண்பது எவ்வளவு கொடுமையான வேலை என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

அதே பக்கத்தில் ஒரு சொல்லையும் முடிவு செய்ய வேண்டும். 'சம்பவம்' என்று எழுதுவதா, 'மோதல்' என்பதா, 'படுகொலை' என்பதா? தொடக்க காலச் செய்திகளில் இரு தரப்பு விவசாயிகள் மோதிக்கொண்டது போன்ற தொனி இருந்தது. மாலையில் நடந்தது கைகலப்பு, இரவில் நடந்தது படுகொலை. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு மூடும்போது இரவு காணாமல் போகிறது. மாலையைச் சொல்லாமல் இரவை மட்டும் சொன்னாலும் தவறுதான். அந்த மாலைக்குத் தொழிலாளர்கள் மீது தனி வழக்கு நடந்தது. அதைத் தெரிந்துகொண்டால்தான் இரண்டு வழக்குகளும் எப்படி முடிந்தன என்று ஒப்பிட முடியும்.

இனி எந்தப் படைப்பை எடுத்தாலும் நான்கு கேள்விகளோடு உட்காருங்கள். செத்தவர்கள் யார் என்று சொல்கிறதா? எத்தனை பேர் என்று சொல்கிறதா? எதற்காக என்று சொல்கிறதா? பிறகு என்ன ஆனது என்று சொல்கிறதா? தீயை மட்டும் காட்டி இந்த நான்கையும் விட்டுவிட்ட படைப்பு வெண்மணியை ஒரு விபத்தாக்கிவிடுகிறது. தீ எங்கே வேண்டுமானாலும் பிடிக்கும். கூலிக் கணக்கும் தீர்ப்பும் இருந்தால்தான் அது வெண்மணி.

வாசிப்பைக் கவிதையிலிருந்து தொடங்கலாம். பத்து நிமிட வேலை, செலவும் இல்லை. ஞானக்கூத்தன் எழுதிய 'கீழ்வெண்மணி' சில வரிகளில் முடிந்துவிடும் கவிதை. கோஷம் எதுவும் கிடையாது. இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' அதற்கு நேர் எதிர். பாடுவதற்கென்றே பிறந்தது போன்ற பேச்சுத்தமிழ். கே.ஏ. குணசேகரன் குரலில் அது மேடை மேடையாகப் போனது. வெண்மணி என்ற ஊரின் பெயரே தெரியாதவர்களுக்கும் அந்தப் பாட்டு தெரிந்திருக்கும். நான்கு கேள்விகளில் எண்ணிக்கைக்கும் தீர்ப்புக்கும் அது விடை சொல்லாது. ஆனால் ஒரு நாவல் எட்டாத வாய்களை அது எட்டியது. வடிவத்துக்கு வடிவம் காப்பது வேறு: பாட்டு கோபத்தைக் காக்கும், பட்டியல் பெயரைக் காக்கும், நாவல் காரணத்தைக் காக்கும், ஆவணப்படம் குரலைக் காக்கும். ஒன்றிடம் இன்னொன்றின் வேலையைக் கேட்டால் ஏமாற்றம்தான். பாட்டை இணையத்தில் தேடும்போது 2017இல் வந்த அதே பெயர்ப் படம் முதலில் வந்து நிற்கும். அது பிணம் எடுத்துச் செல்லும் பாதைக்கான போராட்டம் பற்றிய படம். நல்ல படம், ஆனால் உங்கள் அமர்வுக்கானது அல்ல.

அடுத்து மைதிலி சிவராமன். நாவல்கள் எதுவும் வருவதற்கு முன்பே வெண்மணிக்குப் போய், உயிர் பிழைத்தவர்களிடம் பேசி ஆங்கிலத்தில் எழுதியவர். 1973 தீர்ப்பை வரிவரியாக எடுத்துக் கேள்வி கேட்ட கட்டுரையும் அவருடையது. சென்னையில் தொழிற்சங்க வேலையும் மாதர் சங்க வேலையும் செய்தவர், 2021இல் மறைந்தார். பிற்பாடு வந்த கதைகள் பல நிற்கும் தரை இந்தக் கட்டுரைகள். ஆங்கிலம் வாசிக்கக்கூடிய இருவரிடம் ஒரு வாரம் முன்பே கொடுத்து, தமிழில் பத்து நிமிடம் சொல்லச் சொல்லுங்கள். அமர்வில் உட்கார்ந்து மொழிபெயர்த்தால் ஒரு மணி நேரம் போய்விடும்.

நாவலுக்கு வருவோம். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1975இல் புத்தகமாக வந்தது, 1977இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. டெல்லியிலிருந்து வந்த கோபால், சிவா என்ற இரண்டு படித்தவர்களின் கண் வழியாகக் கிராமத்தைப் பார்க்கிறது. மிராசுதார் கண்ணையா நாயுடுவின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறையில் ஒரு வேர் வைக்கிறது. இடதுசாரிகள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு என்பதே என் எண்ணம். அந்த இரவில் சேரிக்குள் போனது ஒரு கும்பல், அதன் பின்னால் இருந்தது ஒரு சங்கம். ஒரு தனிமனிதரின் உடற்குறையால் அவ்வளவு பேரையும் விளக்க முடியாது. இருந்தாலும் அந்த நாவலை ஒதுக்கிவிடாதீர்கள். வெண்மணி என்ற பெயரைத் தமிழ் இலக்கியத்தின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது அதுதான். படித்த மேல்தட்டு மனிதர் இந்தக் கொலையின் முன்னால் எவ்வளவு கையறு நிலையில் நிற்கிறார் என்பதை அது மறைக்கவில்லை. அதை மட்டும் படித்துவிட்டு நிறுத்துவதில்தான் ஆபத்து.

மாற்று மருந்து சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்', 1999. கீழத்தஞ்சைக்காரர், கீழத்தஞ்சைப் பேச்சிலேயே எழுதியவர். இதில் வயல்தான் நடுவில் நிற்கிறது: நடவு, களை, அறுப்பு, களம், அளவை. 'எதற்காக' என்ற கேள்விக்குத் தமிழில் கிடைக்கும் தெளிவான விடைகளில் இது ஒன்று. ஆனால் வட சென்னை வாசகருக்கு ஒரு தடை உண்டு. நம் பிள்ளைகளுக்கு ஹார்பரும் கன்டெய்னரும் தெரியும், மரக்கால் தெரியாது. இருபது சொற்களுக்கு ஒரு துண்டுச் சீட்டு அடித்துக் கொடுங்கள். மிராசுதார், பண்ணையாள், காரியக்காரர், குறுவை, சம்பா, தாளடி, போர், களம், படி, மரக்கால், கலம் (12 மரக்கால் ஒரு கலம், படிக் கணக்கு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும்). சவுக்கடி, சாணிப்பால் என்ற இரண்டையும் கட்டாயம் சேருங்கள். பண்ணையாளைச் சவுக்கால் அடிப்பதும் சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பதும் அந்த வட்டாரத்தில் வழக்கமான தண்டனைகளாக இருந்தன. 1940களிலிருந்து செங்கொடி அங்கே எதை எதிர்த்து வளர்ந்தது என்பது இந்த இரண்டு சொல்லில் புரிந்துவிடும். 'அரைப்படி நெல்லுக்காக' என்று மக்கள் நினைவில் நிற்கும் சொற்றொடரின் எடையும் அப்போதுதான் ஏறும். அந்த அரைப்படியைக் கேட்ட வாய் அதற்கு முன் சாணிப்பால் குடித்த வாய்.

மூன்றாவதாக மீனா கந்தசாமி 2014இல் ஆங்கிலத்தில் எழுதி, பிரேம் மொழிபெயர்ப்பில் 'குறத்தியம்மன்' என்று தமிழில் வந்த நாவல். இதை முதலில் கொடுக்காதீர்கள். 'இதை எப்படிச் சொல்வது, சொல்ல எனக்கு என்ன உரிமை' என்று கதைசொல்லி வாசகரோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருப்பதால், நடந்தது தெரியாதவர் குழம்பிப் போவார். தெரிந்தவருக்கு இது பெரிய திறப்பு. தீ வைக்கும் அத்தியாயத்தை முற்றுப்புள்ளியே இல்லாத ஒரே வாக்கியமாக எழுதியிருக்கிறார். வாசிப்பவருக்கு மூச்சு முட்டும்; நிறுத்த இடம் இருக்காது. அந்தப் பகுதியை மட்டும் ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும், நடுவில் ஆள் மாற்றாதீர்கள்.

நாவல் முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம். ஒரு நாவலுக்கு மூன்று பிரதி வாங்கி, ஆளுக்கு நான்கு நாள் என்று சுற்றுக்கு விட்டால் ஒரு மாதத்தில் இருபது பேர் படித்துவிடலாம். கிளை நூலகங்களில் கேட்கும்போது 'கீழவெண்மணி', 'கீழ்வெண்மணி', 'வெண்மணி' மூன்றையும் தேடுங்கள். பட்டியல் போட்டவர் எதில் வைத்தாரோ தெரியாது. பழைய செய்தித்தாள்களில் 'நாகப்பட்டினம் மாவட்டம்' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அந்த மாவட்டம் 1991இல்தான் பிரிந்தது. 'தஞ்சை' என்றுதான் தேட வேண்டும்.

இப்போது படம். 'குருதிப்புனல்' நாவலை வைத்து ஸ்ரீதர் ராஜன் எடுத்த படம் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்', 1983. அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது பெற்றது. நாவலின் பெயரைப் போட்டுத் தேடினால் 1995இல் வந்த கமல்ஹாசன் படம்தான் வரும். அதற்கும் வெண்மணிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது போலீஸும் தீவிரவாதக் குழுவும் மோதும் கதை. திரையிடலுக்கு முந்தைய நாள் இரவு டவுன்லோட் செய்து, மறுநாள் கூட்டம் உட்கார்ந்தபின் தவறு தெரிவது பெரிய சங்கடம். கோப்பு கைக்கு வந்ததும் முதல் பத்து நிமிடத்தையும் கடைசிப் பத்து நிமிடத்தையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

'அசுரன்' போடலாமா என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். 2019இல் வந்த அந்தப் படத்தின் பின்கதையில் குடிசைகள் கொளுத்தப்படும் காட்சி இருக்கிறது. அது வெண்மணியை நினைவூட்டியதாகப் பலரும் பேசினார்கள். மூலமான பூமணியின் 'வெக்கை' நாவலில் அந்தக் காட்சி கிடையாது. படத்தில் இடம் தெக்கத்திக் கரிசல், காரணம் பஞ்சமி நிலம் (ஒடுக்கப்பட்ட சாதியினருக்கென ஒதுக்கப்பட்ட நிலம்), பிறகு நடப்பது ஒரு தனி ஆளின் பழிவாங்கல். அதாவது வெண்மணியின் தீ மட்டும் எடுக்கப்பட்டு வேறொரு கதைக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பெயரில்லாமல் இப்படி ஊர் ஊராகப் பரவுவதும் நினைவு உயிரோடிருக்கும் ஒரு விதம்தான். ஆனால் 44 பேருக்கான நிகழ்வில் அதைப் போட்டால், விசில் அடித்துப் பழகிய சண்டைக் காட்சிக்கு இங்கேயும் விசில் வரும். அதைப் பிறகு ஒரு நாள் தனியாகப் போட்டு, நாவலோடு ஒப்பிட்டுப் பேசுங்கள்.

டிசம்பர் நிகழ்வுக்கு என் தேர்வு பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமய்யாவின் குடிசை' ஆவணப்படம். உயிர் பிழைத்தவர்கள் தங்கள் வாயாலேயே பேசுகிறார்கள். வயதான குரல், திணறல், பாதியில் நின்றுபோகும் வாக்கியம், எல்லாம் அப்படியே இருக்கின்றன. நாவலாசிரியர் எழுதினால் முடித்துவிடும் வாக்கியத்தை அனுபவித்தவர் முடிப்பதில்லை. ஆவணப்படத்தின் பலமே அந்த இடம்தான். பொதுத் திரையிடலுக்கு உரிமையாளரிடம் அனுமதி கேட்டு எழுதுங்கள்; ஆவணப்படம் என்றால் எடுத்தவரிடமே நேராகக் கேட்பது எளிது.

வேறு நாடுகளில் எப்படிச் செய்தார்கள் என்பதற்கு ஒன்றிரண்டைச் சொல்கிறேன், ஒப்பிட உதவும். தென் கொரியாவின் குவாங்ஜு நகரில் 1980 மே மாதம் ராணுவம் மக்களைக் கொன்றது. ஹான் காங் அதை 2014இல் நாவலாக எழுதினார். தீயும் குண்டும் அதில் பின்னால் நிற்கின்றன. முன்னால் நிற்பவன் ஒரு பள்ளிப் பையன்; கிடத்தியிருக்கும் உடல்களின் விவரங்களை ஏட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான். பெயர், எண்ணிக்கை என்ற இரண்டு கேள்விகளையும் அந்த நாவல் தன் கதாபாத்திரத்தின் கையிலேயே கொடுத்துவிட்டது. அதே குவாங்ஜு பற்றி 2017இல் ஒரு டாக்சி ஓட்டுநரை வைத்து எடுத்த படம் பெரிய வெற்றி பெற்றது. ஜெர்மன் பத்திரிகையாளரை ஊருக்குள் கொண்டுபோன அந்த ஓட்டுநர் யார் என்றே பல ஆண்டுகள் தெரியாமல் இருந்தது. படம் வந்த பிறகு அவருடைய மகன் முன்வந்து, தன் அப்பாதான் அவர் என்றார். வணிகப் படம் ஒன்று ஆவணத்தை வெளியே கொண்டுவந்த அபூர்வ நிகழ்ச்சி இது.

ஜாலியன்வாலா பாக்கில் 1919 ஏப்ரல் 13 அன்று உயிர் தப்பியவர்களில் நானக் சிங் என்ற இளைஞரும் ஒருவர். மறு ஆண்டே பஞ்சாபியில் நெடுங்கவிதை எழுதினார், ஆங்கில அரசு தடை செய்தது, பிரதிகள் காணாமல் போயின. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் மீண்டும் கிடைத்தது. அங்கே அரசு சொன்ன சாவுக் கணக்கு 379. காங்கிரஸ் விசாரணை சொன்னது ஏறக்குறைய ஆயிரம். 42, 44 என்று இங்கே இருக்கும் வேறுபாட்டைப் பேசும்போது இதையும் பக்கத்தில் வையுங்கள். எண்ணும் கை யாருடையது என்பதைப் பொறுத்து எண் மாறும்.

நிகழ்வு ஏற்பாட்டுக்கு வருகிறேன். டிசம்பர் 25 அன்று வைக்காதீர்கள். ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, பெரம்பூர் எல்லாம் கிறிஸ்துமஸ். உங்கள் வட்டத்திலேயே பாதிப் பேர் கோயிலுக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் போயிருப்பார்கள். அதற்கு முந்தைய ஞாயிறு மாலை சரியாக இருக்கும். மொட்டை மாடி வேண்டாம். வடகிழக்குப் பருவமழை அந்த மாதத்திலும் இருக்கும், புயல் சின்னம் ஒன்று உருவானால் மூன்று நாள் ஏற்பாடும் போகும். மழை நின்றாலும் கேரல் ரவுண்டு, ஐயப்ப பஜனை, மார்கழிப் பாட்டு என்று தெருவில் ஒலிபெருக்கி ஓயாது. ஆவணப்படத்தில் ஒரு பாட்டி மெல்லப் பேசும் வரி அதில் அமிழ்ந்துவிடும். கதவு மூடக்கூடிய ஒரு கூடம் போதும்.

இருபத்தைந்து பேருக்கு எட்டு அடி அகலத் திரையும் 3000 லூமென்ஸ் புரொஜெக்டரும் தாராளம். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஸ்பீக்கர் விஷயத்தில்தான் தவறு நடக்கும். கல்யாணத்துக்கும் கானாக் கச்சேரிக்கும் வாடகைக்கு விடும் பாக்ஸில் பாஸ் தூக்கலாக இருக்கும், பேச்சு புரியாது. பாஸைக் குறைத்து, பெட்டியைத் தரையில் வைக்காமல் உட்கார்ந்தவர் காது உயரத்துக்கு மேசை மேல் ஏற்றுங்கள். கீழத்தஞ்சைப் பேச்சு நம் காதுக்குப் புதிது என்பதால் முதல் ஐந்து நிமிடத்தை இரண்டு முறை போடுவதில் தவறில்லை.

பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களை அழைக்காதீர்கள். தீ விபத்தில் குடிசை இழந்த குடும்பங்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். வருவோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கதவோரம் நான்கு நாற்காலிகளைக் காலியாக விடுங்கள். எழுந்து போக நினைப்பவர் யாரையும் தாண்ட வேண்டியிருக்கக் கூடாது. படம் முடிந்தவுடன் மைக்கை யாரிடமும் கொடுக்காதீர்கள். அந்த நேரத்தில் முதலில் பேசுகிறவர் கட்சிப் பேச்சு பேசுவார், அதோடு மற்றவர் வாய் அடைத்துவிடும். அந்த இடத்தில் 44 பெயர்களை வாசிக்கலாம். ஒரு பெயருக்கு ஐந்து வினாடி என்று வைத்தால் நான்கு நிமிடத்துக்குள் முடியும். ஒருவரே வாசிக்கட்டும். வயது தெரிந்த இடத்தில் வயதையும் சேர்க்கச் சொல்லுங்கள். பட்டியலில் ஒரே வீட்டுப் பெயர்கள் அடுத்தடுத்து வரும்போது கூடம் தானாகவே அமைதியாகும்.

இனி நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி. வட சென்னைக்கு ஏன் இல்லை?

பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இருந்தன. ஊர் வழக்கில் பின்னி மில். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் தொடங்கியது. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, பி.பி. வாடியா, திரு.வி.க. எல்லோரும் அதில் இருந்தார்கள். 1920 டிசம்பரில் ஒரு துப்பாக்கிச் சூடு. 1921இல் ஜூன் தொடங்கி அக்டோபர் வரை நீண்ட வேலைநிறுத்தம்; ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் சுட்டதில் ஏழு பேர் இறந்தார்கள். இவ்வளவு நடந்தும் வெண்மணிக்கு இருப்பதுபோல ஊரறிந்த ஒரு நாவலோ பாட்டோ பெரம்பூருக்கு இல்லை. ஆலை மூடிய பிறகு அந்த வளாகத்தில் சினிமாக்காரர்கள் சண்டைக் காட்சி சண்டைக் காட்சியாக எடுத்தார்கள். தமிழ் பார்வையாளர்கள் அந்தச் செங்கல் சுவரைப் பலமுறை பார்த்திருக்கிறார்கள், அது எந்தச் சுவர் என்று தெரியாமலே.

காரணம் என்ன? 1921 நினைவு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெரும்பாலும் சேராமல் வேலைக்குப் போனார்கள். அதைத் தொடர்ந்து புளியந்தோப்பில் மோதல் வெடித்து, அவர்களுடைய குடிசைகள் கொளுத்தப்பட்டன. ஆக ஒரு வீட்டுத் தாத்தா சங்கத்துக்காகக் குண்டடி பட்டவர், அடுத்த தெருத் தாத்தா சங்கத்துக்காரர்களால் குடிசை இழந்தவர். வெண்மணியில் கூலியும் சாதியும் ஒரே பக்கம் நின்றன. பெரம்பூரில் அவை எதிரெதிராக நிறுத்தப்பட்டன. ஒரே பாட்டில் இரண்டையும் பாட முடியவில்லை, அதனால் யாரும் பாடவில்லை என்பதே என் கணிப்பு. வெண்மணிக்காகக் கண் கலங்கும் கூட்டத்தில் புளியந்தோப்புக் குடிசைகளையும் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் உங்கள் வட்டம் பெரிய வேலை ஒன்றைத் தொடங்கிவிட்டது.

தொடங்க வேண்டிய இடம் திரு.வி.க.வின் 'வாழ்க்கைக் குறிப்புகள்'. அவருடைய எழுத்துகள் நாட்டுடைமை, தாராளமாகப் பகிரலாம். ஆனால் அவர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவர், ஒரு தரப்பு. எதிர்த்தரப்புக்கு எம்.சி. ராஜா போன்ற ஆதிதிராவிடத் தலைவர்கள் அந்த நாட்களில் பேசியதையும் எழுதியதையும் தேடி எடுங்கள். அரசாங்கக் கோப்புகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம், பழைய இதழ்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம். சங்கத் தரப்பு, ஆதிதிராவிடத் தரப்பு, அரசுத் தரப்பு மூன்றையும் மூன்று நெடுவரிசையில் ஒரே தாளில் எழுதுங்கள்: செத்தவர் யார், எத்தனை பேர், எதற்காக, பிறகு என்ன ஆனது. வெண்மணிக்குப் போட்ட அதே நான்கு கேள்விகள்தான்.

அடுத்து ஆட்களிடம் போகலாம். 1921ஐக் கண்ணால் கண்டவர் இன்று யாரும் இருக்க முடியாது. பட்டாளம், புளியந்தோப்பு, பெரம்பூர் பக்கம் உங்களுக்குக் கிடைப்பவர்கள் மில்லில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அவர்கள் சொல்வது கேட்ட கதை. அதை அப்படித்தான் குறிக்க வேண்டும். 1920 துப்பாக்கிச் சூடும் 1921 துப்பாக்கிச் சூடும் அவர்கள் பேச்சில் ஒன்றாகக் கலந்திருக்கும், பிற்கால ஸ்டிரைக்குகளும் அதில் சேர்ந்துவரும். பேசும்போது திருத்தாதீர்கள். வீட்டுக்கு வந்து தாளில் பிரித்துக்கொள்ளலாம். பேட்டி எடுக்கும்போது போனை ஃப்ளைட் மோடில் போட்டு, பேசுபவர் வாயிலிருந்து ஒரு முழ தூரத்தில், துணி விரித்த இடத்தில் வையுங்கள். ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள். ஃபேன் சத்தம்தான் வீட்டுப் பேட்டிகளைக் கெடுப்பதில் முதல். பெயரை வெளியிடலாமா என்று தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு முறை கேளுங்கள். பேசி முடித்தபின் மனம் மாறும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள், மறுநாள் இன்னொரு முறை போங்கள்.

முதல் கேள்வியாகத் துப்பாக்கிச் சூட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். கேட்டால் சினிமாவில் பார்த்ததுபோல ஒரு காட்சியைச் சொல்லிவிட்டு முடித்துவிடுவார்கள். தாத்தா எந்த மில், ஸ்பின்னிங்கா வீவிங்கா, எந்த கேட் வழியாகப் போவார், சங்கு ஊதும்போது வீட்டில் யார் எழுந்திருப்பார்கள், சம்பள நாளில் என்ன வாங்கி வருவார், ஸ்டிரைக் நாளில் அடுப்பு எப்படி எரிந்ததாகச் சொன்னார்கள் என்று கேளுங்கள்.